பொருநைக் கரை மண்ணும் பானை ஓடும் ஒளிக்கற்றைக்குப் போகட்டும்: நெல்லைச் சீமைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்கள், இயற்பியல், வேதியியல், நிலவியல், தொல்லியல் துறைத் தலைவர்கள், ஆய்வு நிதியை ஒதுக்கும் குழுவினர்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் மண்ணோடு கலந்து கிடந்த நெல்லுக்குக் காலம் கணித்தபோது பொ.ஆ.மு. 1155 என்று வந்தது. 2021 செப்டம்பரில் அது சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நம் கல்லூரி மேடைகளில் அந்த எண்ணைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. ஆனால் அந்த எண்ணை எடுத்துக் கொடுத்த கருவி ஒரு துகள் முடுக்கி என்று மாணவர்களிடம் சொல்பவர்கள் குறைவு.

உயிருள்ள நெல்லில் இருக்கும் கார்பன் அணுக்களில் லட்சம் கோடிக்கு ஒன்றுதான் கார்பன்-14. அதன் அரை ஆயுள் 5730 ஆண்டுகள். மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்த நெல்லில் அதிலும் 68 விழுக்காடுதான் மிஞ்சியிருக்கும். இத்தனை அரிதான அணுவை எடைபோட்டுப் பிரிக்கப் போனால் அதே எடையுள்ள நைட்ரஜன்-14 குறுக்கே வரும். கார்பன்-13 ஒரு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டு வந்து ஏமாற்றும். முடுக்கி இரண்டையும் தீர்க்கிறது. எதிர்மின் அயனியாக மாற்றும்போது நைட்ரஜன் நிலைக்காமல் உதிர்ந்துவிடும். பல லட்சம் வோல்ட்டில் முடுக்கி, மெல்லிய வாயுவுக்குள் செலுத்தும்போது ஹைட்ரஜன் ஒட்டிய மூலக்கூறுகள் சிதறிப்போகும். மிச்சம் வருவதை ஒவ்வொன்றாக எண்ணலாம். இதற்கு வேண்டியது ஒரு மில்லிகிராம் அளவு கார்பன். தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்திலும் இதற்கான கருவி இயங்குகிறது.

இந்த மடலில் நாங்கள் முதன்மையாகக் கேட்பது இது. மூன்று மாவட்டக் கல்லூரிகளுக்கும் பொதுவாக, மாதிரி (முடுக்கியில் அளப்பதற்காக எடுத்துச் செல்லும் மண், ஓடு போன்ற பொருள்) தயாரிப்பதற்கென்று ஓர் அறை வேண்டும். அதை நடத்தத் தெரிந்த ஒருவரும் அதற்கென ஓர் ஆண்டு அட்டவணையும் வேண்டும். முடுக்கிகளுக்குப் பஞ்சமில்லை. ஹாம்பர்க்கில் பெட்ரா-3, நம் இந்தூரில் இண்டஸ்-2 என்று எத்தனையோ நிலையங்கள் ஆய்வாளர்களுக்காகத் திறந்திருக்கின்றன. முடிவை வெளியிடும் கல்வி ஆய்வுக்கு அங்கே கற்றை நேரத்துக்கு, அதாவது கதிரைப் பயன்படுத்தும் நேரத்துக்கு, கட்டணம் இல்லை. இங்கிருந்து போகும் விண்ணப்பங்கள் தோற்பதும், போன மாதிரிகள் பயனில்லாமல் திரும்புவதும் பெரும்பாலும் கல்வத்திலும் சல்லடையிலும் உறையின்மேல் ஒட்டும் சீட்டிலும் நடக்கிற பிழைகளால்தான். அவற்றை இங்கேயே தவிர்க்கலாம். எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். நிதிக்குழுவில் இருப்போர் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முடுக்கி என்றாலே மாணவர்களுக்கு நினைவில் வருவது ஜெனிவா அருகே உள்ள செர்ன். 27 கிலோமீட்டர் சுற்றளவு வளையமும், மைனஸ் 271 டிகிரி குளிரில் நிற்கும் 1232 வளைக்கும் காந்தங்களும் வியப்புக்குரியவைதான். இந்தியா 2017 முதல் அதன் இணை உறுப்பினர். அதன் வளாகத்தில் நிற்கும் நடராசர் 2004-இல் நம் நாடு கொடுத்தது. தாமிரசபை உள்ள ஊர்க்காரர்களுக்கு அதில் தனிப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெரிய வளையம் புரோட்டான்களை மோதவிட்டுப் பார்க்கும் இடம். நம் மண்ணையும் ஓட்டையும் கொண்டுபோய் வைக்கிற இடம் அல்ல. செர்ன் பொதுவில் வைத்திருக்கும் மோதல் தரவுகளை முதுகலை வகுப்பில் பயன்படுத்துங்கள், அதற்கு ஒரு கணினி போதும். மாதிரியோடு போக வேண்டிய இடம் சின்க்ரோட்ரான்.

சின்க்ரோட்ரானில் மோதல் இல்லை. எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை ஒட்டி வளையத்தில் சுற்றவிடுகிறார்கள். பெட்ரா-3-இன் சுற்றளவு 2304 மீட்டர், எலக்ட்ரானின் ஆற்றல் 6 ஜிஇவி (ஒரு ஜிஇவி என்பது நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட்). ஒரு நொடியில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் சுற்று. இண்டஸ்-2 சிறியது: சுமார் 172 மீட்டர், 2.5 ஜிஇவி. காந்தம் எலக்ட்ரானை வளைக்கும் இடத்தில் தொடுகோட்டுத் திசையில் எக்ஸ் கதிர் பீறிடும். காந்தங்களை வடக்கு தெற்காக மாற்றி மாற்றி அடுக்கிய அண்டுலேட்டர் என்ற பகுதியில் அது இன்னும் கூர்மையாக வரும். சுற்றில் இழந்த ஆற்றலை ரேடியோ அலைக் குழிகள் திருப்பித் தரும். கதிர் வெளியேறும் ஒவ்வொரு வாயிலும் ஒரு பீம்லைன். அங்கே சிலிக்கான் படிகம் வேண்டிய ஆற்றலை மட்டும் பிரித்து எடுக்கும். அதன்பின் வருவது ஈயச் சுவர் எழுப்பிய அறை. அதற்குள்தான் நம் மாதிரி நிற்கும்.

வேண்டிய ஆற்றலை ஒரு எலக்ட்ரான் வோல்ட்டின் பின்னத்துக்குள் திருகி எடுக்க முடிவதுதான் சின்க்ரோட்ரானின் சிறப்பு. இரும்பு 7112 எலக்ட்ரான் வோல்ட்டில் சட்டென்று எக்ஸ் கதிரை விழுங்கத் தொடங்கும். இந்த இடத்துக்கு விளிம்பு என்று பெயர். தாமிரத்துக்கு அந்த விளிம்பு 8979. ஒரு மாதிரியில் இரும்பு இருக்கிறதா என்பதைக் கல்லூரிக் கருவியே சொல்லிவிடும். அந்த இரும்பு ஃபெரஸா (இரண்டு எலக்ட்ரான் இழந்தது), ஃபெரிக்கா (மூன்று இழந்தது), ஒவ்வொன்றும் எவ்வளவு, சுற்றி நிற்பது எத்தனை ஆக்சிஜன், எவ்வளவு தொலைவில் என்பதையெல்லாம் இந்த விளிம்பின் நகர்வும் அதற்கு மேலே வரும் அலைவும் சொல்லும். படிகமாக இல்லாத பொருளிலும் சொல்லும். நம் சீமையில் இந்தக் கேள்வி எங்கெங்கே கிடக்கிறது என்று பாருங்கள்: குதிரைமொழித் தேரியின் சிவந்த மணல், ஆதிச்சநல்லூரின் கறுப்பு சிவப்பு ஓடுகள், காருகுறிச்சிக் குயவர்கள் சூளையில் வைக்கும் பானை. மூன்றிலும் நிறத்தை முடிவு செய்வதில் இரும்புக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி மாதிரிக்கு வருவோம். கதிரை ஊடுருவவிட்டு அளக்கும் முறையில், விளிம்பில் ஏற்படும் உட்கவர் தாவல் (கதிரை விழுங்கும் அளவு சட்டென்று ஏறும் உயரம்) 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மொத்த உட்கவர்வு 2.5-ஐத் தாண்டக் கூடாது. 13 மில்லிமீட்டர் அச்சில் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடுக் கனிமத்தில் வில்லை செய்வதாக வைத்துக்கொள்வோம். வில்லையின் பரப்பு 1.33 சதுர சென்டிமீட்டர். ஹெமடைட்டில் 70 விழுக்காடு இரும்பு. இரும்பின் உட்கவர் குணகம் விளிம்பில் கிராமுக்குச் சுமார் 350 சதுர சென்டிமீட்டர் தாவுகிறது. கணக்குப் போட்டால் ஒரு வில்லைக்கு வேண்டிய ஹெமடைட் ஐந்து மில்லிகிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கூட 100 மில்லிகிராம் போரான் நைட்ரைடு சேர்த்தால் கையில் எடுக்கும்படி வில்லை நிற்கும். கால் கிராம் ஹெமடைட்டை அப்படியே அழுத்திக் கொண்டுபோனால் கதிர் மறுபக்கம் வராது. தனியாகப் பார்க்கையில் அழகான வில்லையாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு பயனும் இல்லை.

அதைவிட நுட்பமான தவறு துகளின் அளவில் இருக்கிறது. 400 மெஷ் சல்லடையில் சலித்தால் போதும் என்று நம் ஆய்வுக்கூடங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. அந்தச் சல்லடையின் கண் 38 மைக்ரான். ஆனால் விளிம்புக்கு மேலே ஹெமடைட்டுக்குள் கதிர் நுழையும் ஆழம் 7 மைக்ரான்கூட இல்லை. 38 மைக்ரான் துகள் ஒவ்வொன்றும் கதிருக்கு ஒரு கருங்கல். கதிரில் ஒரு பங்கு துகள்களுக்கு இடையே உள்ள சந்து வழியாக எதையும் தொடாமல் போய்விடும். விளைவு என்னவென்றால், அலைவின் வீச்சு மட்டுப்பட்டு வரும். இரும்பைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நாலரை என்று கணினிப் பொருத்தம் சொல்லும். அதை நம்பி "ஆக்சிஜன் வெற்றிடம்" என்று கட்டுரை எழுதிவிடும் ஆபத்து உண்டு. கருவியின்மேலோ கணினியின்மேலோ இதற்குப் பழி போட வழியில்லை.

இதற்கு எளிய வழி இருக்கிறது. அகேட் கல்வத்தில் எத்தனால் விட்டு அரைமணி நேரம் அரையுங்கள். அரைத்ததை ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு எத்தனால் நிற்கும் குழாயில் கலக்கி நிறுத்துங்கள். ஹெமடைட்டில் 5 மைக்ரான் துகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இறங்கும். கால் மணி நேரம் கழித்து மேலே கலங்கலாக நிற்பதை மட்டும் உறிஞ்சி எடுத்து உலர்த்தினால் அதில் 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் அநேகமாக இராது. ஆனால் ஒரே கனிமமாக உள்ள மாதிரிக்குத்தான் இது ஆகும். தேரி மணலைப் போன்ற கலவையில் இதைச் செய்தால் கனமான கனிமம் அடியில் போய், லேசான குவார்ட்ஸ் மேலே நிற்கும். நீங்கள் எடுப்பது வேறு மணல் ஆகிவிடும்.

இரும்பைத் தேடும் மாதிரியை எஃகுக் குண்டு ஆலையில் அரைக்கவே கூடாது. ஆலை உதிர்க்கும் இரும்பு மாதிரியின் இரும்போடு கலந்துவிட்டால் பிரிக்க வழியில்லை. கடையில் வாங்கும் சாதாரண டேப்பும் ஆகாது, சிலவற்றில் துத்தநாகமும் இரும்பும் உண்டு. கேப்டன் (Kapton) என்ற பாலிமைடு டேப் வாங்கி, அதையும் வெறுமனே ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் வில்லைகள் கெடாமல் இருக்க டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) சிலிக்கா ஜெல் போடுகிறோம். நம்மிடம் இருப்பது பெரும்பாலும் நீல நிற ஜெல். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு. கோபால்ட்டின் விளிம்பு 7709 எலக்ட்ரான் வோல்ட், அதாவது இரும்பின் விளிம்புக்கு 597 மேலே. இரும்பின் அலைவைப் படிக்க வேண்டிய எல்லைக்குள்ளேயே அது விழுகிறது. ஜெல் பொடி கொஞ்சம் மாதிரியில் ஒட்டினாலும் அளவீட்டை அந்த இடத்தோடு வெட்டி எறிய வேண்டியதுதான். கோபால்ட்டும் இரும்பும் இல்லாத ஜெல்லாகப் பார்த்து வாங்குங்கள்.

தேரி மணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கிருந்து எழுதக்கூடிய மிக நல்ல விண்ணப்பம் அதுதான் என்பது எங்கள் எண்ணம். தேரியின் சிவப்பு, குவார்ட்ஸ் மணியின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுப் பூச்சு. மொத்த எடையில் அந்தப் பூச்சு சொற்பம் என்பதால் ஊடுருவல் முறை கைகொடுக்காது. மாதிரி திருப்பி உமிழும் ஒளிர்வை அளக்கும் முறைக்குப் போக வேண்டும். ஆனால் தேரியில் இல்மனைட் (இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம்) மணிகளும் கலந்திருக்கும். இல்மனைட்டில் உள்ள இரும்பு பெரும்பாலும் ஃபெரஸ். சிவந்த பூச்சில் இருப்பதோ ஃபெரிக். இரண்டு விளிம்புகளுக்கும் இடையே சில எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசம். ஒரு பிடி மணலில் பத்து இல்மனைட் மணி கிடந்தால் போதும், விளிம்பு கீழே இழுபடும். பூச்சு பாதி ஒடுங்கியிருப்பதாக, அதாவது ஃபெரஸாக மாறியிருப்பதாக, பொய்க் கதை சொல்லும். ஆகவே முதலில் மணலைக் கழுவி உலர்த்தி, காந்தத்தாலும், பிறகு ஒப்படர்த்தி 2.89 உள்ள புரோமோஃபார்மில் மிதக்கவிட்டும் கனமணிகளைப் பிரிக்க வேண்டும். புரோமோஃபார்மின் ஆவி நச்சு. புகைபோக்கி அலமாரி இல்லாத கல்லூரியில் அந்தக் குப்பியைத் திறக்கவே வேண்டாம். பொது அறை ஒன்று வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிரித்த கனமணியைத் தூக்கி எறியாமல் தனி மாதிரியாக வையுங்கள், ஒப்பிட வேண்டியிருக்கும். அதில் மோனசைட் இருந்தால் தோரியம் உண்டு. கதிரியக்க அளவு பார்க்காமலும் உரிய அனுமதி இல்லாமலும் அது மாவட்டத்தை விட்டே வெளியே போகக் கூடாது.

எது எந்த நிலையத்துக்குப் போகலாம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. அகழாய்வில் கிடைத்த ஓட்டையும் உலோகத்தையும் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. ஐரோப்பிய ஒன்றியமோ வெளிநாட்டு மண்ணைத் தாவர நோய்த் தடுப்புக் காரணமாக உள்ளே விடாது. ஆய்வுக்கென்று தனி அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். "மண்ணைச் சுட்டுக் கிருமி நீக்கி அனுப்பிவிடலாமே" என்று தோன்றும். அதில் கோதைட் (நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு) இருந்தால் 300 டிகிரியை ஒட்டிய சூட்டில் நீரை இழந்து ஹெமடைட்டாக மாறிவிடும். எதைப் பார்க்க அனுப்புகிறோமோ அதையே சுட்டு அழித்தது போலாகும். ஆகவே பச்சைக் களிமண், தேரி மணல், அகழாய்வு ஓடுகள் இந்தூருக்குப் போகட்டும். அங்கே இண்டஸ்-2-இல் எக்ஸ் கதிர் உட்கவர்வுக்கு எட்டாம், ஒன்பதாம் பீம்லைன்களும், பொடியின் படிக அமைப்பைக் காட்டும் விளிம்பு விலகலுக்கு (டிஃப்ராக்ஷன்) பன்னிரண்டாவதும், நுண்புள்ளி ஒளிர்வுக்குப் பதினாறாவதும் இருக்கின்றன. ஹாம்பர்க்குக்குச் சுட்ட ஓடு போகட்டும்.

அந்தச் சுட்ட ஓட்டை எங்கே எடுப்பது? காருகுறிச்சியில். ஆதிச்சநல்லூர் ஓட்டின் உட்புறக் கறுப்பும் வெளிப்புறச் சிவப்பும் எந்தச் சூட்டில், எவ்வளவு காற்றில் வந்தன என்று சொல்ல வேண்டுமானால் ஒப்பிடுவதற்குச் சூடும் காற்றும் தெரிந்த ஓடுகள் கையில் வேண்டும். குயவரிடமிருந்து பதப்படுத்திய களிமண்ணை உரிய விலை கொடுத்து வாங்கி, ஒரே அளவு வில்லைகளாக்கி, மின்சூளையில் 500 முதல் 1000 டிகிரி வரை நூறு நூறாக ஆறு சூட்டில் சுட வேண்டும். ஒவ்வொரு சூட்டிலும் ஒன்று திறந்த காற்றில், மற்றொன்று உமிக்குள் புதைத்து மூடிய கலத்தில். உச்சச் சூட்டில் இரண்டு மணி நேரம். ஆக 12 ஓடுகள். களிமண் எந்தக் குளத்தது, எந்த மாதம் வெட்டியது, மணல் எவ்வளவு சேர்த்தது என்பதைக் குயவரிடமே கேட்டு எழுதி வைக்க வேண்டும். கட்டுரையில் அவர்களுடைய பங்கைப் பெயரோடு சொல்ல வேண்டும். இது பேச்சுவார்த்தைக்கு உரியது அல்ல. இந்த வரிசையை ஒருமுறை செய்து வைத்தால் பொருநைக் கரை ஓட்டை ஆராயும் எவருக்கும் அது அளவுகோல் ஆகும். இங்கே இருப்பவர்கள் செய்யாமல் வேறு யார் செய்வது?

விண்ணப்பத்துக்கு வருவோம். ஐரோப்பிய நிலையங்கள் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை விண்ணப்பம் கேட்கின்றன: மார்ச்சை ஒட்டி ஒன்று, செப்டம்பரை ஒட்டி ஒன்று. திருச்செந்தூர் மாசித் திருவிழாவும் ஆவணித் திருவிழாவும் வருகிற காலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். முடிவு வர மூன்று நான்கு மாதம். மாசியில் போட்டதற்கு ஏறத்தாழ ஆனித் தேர் சமயத்தில் பதில் தெரியும். அளவீடு அதற்கு அடுத்த அரையாண்டில். நிலையங்கள் மேம்பாட்டுக்காக நெடுநாள் மூடவும் செய்யும். கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரான் 2018 டிசம்பரில் நிறுத்தி 2020 ஆகஸ்டில்தான் பயனர்களுக்குத் திறந்தது. ஆகவே மூன்றாண்டு முனைவர் பட்டக் கணக்கில் முதல் ஆண்டிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

விண்ணப்பம் இரண்டு மூன்று பக்கம்தான். "எங்கள் நானோ துகள்களின் பண்புகளை ஆராய்தல்" என்று தொடங்கும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் அதில் கேள்வி இல்லை. மதிப்பிடுவோர் மூன்றைத் தேடுவார்கள்: விடை தெரியாத ஒரு குறிப்பான கேள்வி, கல்லூரிக் கருவியால் ஏன் முடியவில்லை என்பதற்கு ஆதாரம், கேட்கும் நேரத்துக்குக் கணக்கு. இரண்டாவதற்கு, கல்லூரியில் எடுத்த எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் படத்தையே இணைத்து, எந்த மேடு எதோடு கலந்து பிரிக்க முடியவில்லை என்று காட்ட வேண்டும். மூன்றாவதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

நேரம் எட்டு மணி நேர ஷிஃப்ட்டாகத் தரப்படும். மேலே சொன்ன 12 ஓட்டுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். ஓட்டுக்கு மூன்று ஸ்கேன், ஒவ்வொன்றும் 25 நிமிடம். மாற்றவும் நேர்ப்படுத்தவும் கால் மணி. ஆக ஓட்டுக்கு ஒன்றரை மணி, பன்னிரண்டுக்கு 18 மணி. ஒப்பீட்டுப் பொருள்கள் ஐந்து: இரும்புத் தகடு, ஹெமடைட், கோதைட், மேக்னடைட், இல்மனைட், முக்கால் மணி வீதம் நாலு மணிக்குச் சற்றுக் குறைவு. தொடக்கத்தில் கற்றையைச் சரிசெய்ய ஒரு ஷிஃப்ட். கூட்டினால் 30 மணி, அதாவது நான்கு ஷிஃப்ட். இப்படி எழுதினால் கேட்டது கிடைக்க வாய்ப்பு உண்டு. காரணம் சொல்லாமல் பதினெட்டு ஷிஃப்ட் கேட்டால் மொத்தமும் போய்விடும்.

அங்கே போனபின் முதலில் இரும்புத் தகட்டை அளந்து விளிம்பை 7112-இல் நிறுத்த வேண்டும். முடிந்தால் ஒவ்வொரு ஸ்கேனிலும் மாதிரிக்குப் பின்னால் ஐந்து மைக்ரான் தகடு நின்றுகொண்டே இருக்கட்டும். படிகம் சூடேறி ஆற்றல் நகர்ந்தால் அதை வைத்துத் திருத்தலாம். அதன்பின் ஒரே புள்ளியில் ஐந்து விரைவு ஸ்கேன். ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் நல்லது. விளிம்பு மெல்லக் கீழே நகர்ந்தால் கதிரே இரும்பை ஒடுக்குகிறது என்று பொருள். அலுமினியத் தகடு வைத்துக் கதிரைக் குறைக்கவோ ஒவ்வொரு ஸ்கேனுக்கும் புள்ளியை மாற்றவோ வேண்டும். இந்தச் சோதனைக்கு அரை மணிதான் ஆகும். இதைத் தவிர்த்துவிட்டு இரவு முழுக்க அளந்த தரவு சில நேரம் காலையில் ஒன்றுக்கும் உதவாது.

ஈய அறைக்குள் போய் வரும் ஒழுங்கை மாணவர்களுக்கு இங்கேயே ஒத்திகை பார்க்க வைக்கலாம்: யாரும் உள்ளே இல்லை என்று மூலை முடுக்கெல்லாம் பார்த்து, தேடல் பொத்தான்களை வரிசையாக அழுத்தி, எச்சரிக்கை ஒலிக்கும்போது கடைசி ஆளாக வெளியே வந்து கதவை அடைப்பது. வரிசை தப்பினால் கதிர் வராது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது பாதுகாப்புக்காக வைத்திருக்கும் பூட்டு. மதித்துப் பழக வேண்டும்.

பெயர் எழுதுவதில்கூட இழப்பு நேர்கிறது. குப்பியில் மார்க்கரால் எழுதிய எண் எத்தனால் பட்டதும் அழிந்துவிடும். பென்சிலால் சீட்டில் எழுதி உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வையுங்கள். பொட்டலத்தில் பொருளின் வேதிப்பெயர், எடை, பாதுகாப்புத் தாள், நிறுவனக் கடிதம் எல்லாம் இருக்க வேண்டும். மதிப்பு சுழி என்று போட்டால் சுங்கத்தில் கேள்வி எழும். ஒரு சிறு தொகையைக் குறித்து, விற்பனைக்கு அல்ல என்று எழுதுங்கள்.

கரிமக் காலக் கணிப்புக்கு அனுப்பும் கரிக்கும் நெல்லுக்கும் விதி வேறு. அகழும் குழியிலேயே அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். பஞ்சும் காகிதமும் தற்காலக் கார்பன், தொடவே கூடாது. பசையோ மெருகோ பூசிய பொருளைக் காலம் கணிக்க அனுப்பாதீர்கள். மூவாயிரம் ஆண்டு நெல்லில் ஒரு விழுக்காடு புதுக் கார்பன் கலந்தால் சுமார் 36 ஆண்டு இளமையாகக் காட்டும், அது பொறுக்கக்கூடியது. நாற்பதாயிரம் ஆண்டுக் கரியில் அதே ஒரு விழுக்காடு ஏழாயிரம் ஆண்டை விழுங்கிவிடும். அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவும் முறை ஆய்வுக்கூடத்தில் நடக்கும். நாம் செய்ய வேண்டியது, வேரும் பூஞ்சையும் சேராமல் காத்து அனுப்புவது.

இனி உங்களிடம் கேட்பவை. அந்த அறையில் இருக்க வேண்டியவை: அகேட் கல்வம் நான்கு, சல்லடை வரிசை, 13 மில்லிமீட்டர் அச்சு, பத்து டன் அழுத்தி, ஐந்து தசம இடம் காட்டும் தராசு, வெற்றிட டெசிகேட்டர், 1100 டிகிரி மின்சூளை, புகைபோக்கி அலமாரி, ஒப்பீட்டுப் பொருள்களும் உலோகத் தகடுகளும் அடங்கிய ஒரு பெட்டி. இவற்றில் பாதி ஏற்கெனவே நம் கல்லூரிகளின் அலமாரிகளில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை ஓரிடத்துக்குக் கொண்டுவர ஒப்புதல் தாருங்கள். அறையைப் பார்த்துக்கொள்ள முழுநேர ஆய்வக உதவியாளர் ஒருவர் வேண்டும். ஒப்பந்தத்தில் ஆறு மாதத்துக்கு ஒருவராக மாற்றினால் கைப்பழக்கம் தங்காது.

அடுத்தது தடையின்மைச் சான்று. ஐரோப்பிய விசாவுக்கு விண்ணப்பித்தபின் சாதாரணமாக 15 நாள், சிக்கலானால் 45 நாள் வரை ஆகும். அளவீட்டுத் தேதி வந்ததும் ஆறு வாரத்தில் கிளம்ப வேண்டிய ஆசிரியரின் கோப்பு மேசை மேசையாக ஒரு மாதம் சுற்றினால் கிடைத்த கற்றை நேரம் வேறொருவருக்குப் போய்விடும். விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போதே, கிடைத்தால் அனுப்புவோம் என்ற கொள்கை ஒப்புதலையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். பணிநாளாகக் கணக்கிடுங்கள், விடுப்பில் கழிக்காதீர்கள். முதுகலை மாணவர் ஒருவராவது உடன் போக வேண்டும். இரவு ஷிஃப்ட்டை ஒரே ஆள் பார்த்தால் விடியற்காலை மூன்று மணிக்குத் தவறான மாதிரியைத் தவறான எண்ணில் வைப்பது உறுதி. அந்த மாணவரின் உழைப்பு திட்டக் கட்டுரை மதிப்பெண்ணில் சேரட்டும்.

வந்த தரவைப் படிக்க வேண்டிய அதீனா, லார்ச், ஜிசாஸ்-2 போன்ற மென்பொருள்கள் இலவசம். இந்தூருக்கோ ஹாம்பர்க்குக்கோ எவரும் போவதற்கு முன்பே, பொதுவில் கிடைக்கும் இரும்புத் தரவை வைத்து இரண்டு நாள் பயிற்சி நடத்த நாங்கள் அணியமாக இருக்கிறோம். ஊதியம் வேண்டாம், மின்தடை இல்லாத ஒரு கணினி அறை போதும்.

தொடங்கும் முறை இது. ஒவ்வொரு கல்லூரியும் ஓர் ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் குறித்துத் தரட்டும். தைப் பொங்கலுக்குள் அறை எந்தக் கல்லூரியில் என்று முடிவாகட்டும். மாசிக் கெடுவுக்கு வெளிநாட்டு விண்ணப்பம் எதுவும் வேண்டாம். முதலில் பிசான அறுவடைக்குள் காருகுறிச்சி ஓடுகள் பன்னிரண்டையும் சுட்டு, தேரி மணலைப் பிரித்து, இந்தூருக்கு ஒருமுறை போய்வருவோம். அங்கே கிடைத்த அளவீட்டை இணைத்து ஆவணிக் கெடுவுக்கு ஹாம்பர்க் விண்ணப்பத்தை எழுதுவோம். கல்லூரிகள் பெயர் குறித்துத் தரும் நாளிலிருந்து பத்து நாளைக்குள் கருவிகளின் முழுப் பட்டியலையும் அறையின் வரைபடத்தையும் உங்கள் மேசைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறோம்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமையில் அறிவியல் கற்பிக்கும், சின்க்ரோட்ரான் நிலையங்களைப் பயன்படுத்தும் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும்